எல்லாம் லினக்ஸ், படம்தான் ஓடவில்லை

எங்கள் வீட்டில் கொள்கை உள்ள ஒரே ஆள் நான்தான். மற்றவர்களிடம் இருப்பது போன். இந்த இரண்டில் எதில் படம் ஓடும் என்று கேட்டால், எங்கள் ஊர் உடப்பில் பாலர் பாடசாலைப் பிள்ளையும் சரியான பதிலைச் சொல்லும். ஆனாலும் கொள்கை கொள்கைதான். கொம்பியூட்டர் என்று ஒன்றைத் தொட்டால் அதில் லினக்ஸ் இயங்குதளம் இருக்கவேண்டும் என்பது என் விரதம். அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருந்த காலமெல்லாம் சுற்றறிக்கைக்குத் தலையாட்டியவன், வீட்டுக் கொம்பியூட்டர் விஷயத்திலாவது எவனுக்கும் தலையாட்டக்கூடாது என்று எடுத்த முடிவு அது. அதன்பிறகு நான் தலையாட்டுவது திரையில் வரும் பிழைச் செய்திக்கு மட்டுந்தான்.

லினக்ஸ் எனக்குத் தபாலில் வந்தது. 2004-இல் தொடங்கிய உபுண்டு என்ற லினக்ஸ் வகை, கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவையும் தானே ஏற்று, உலகின் எந்த மூலைக்கும் சீடி அனுப்பிக்கொண்டிருந்தது. 2011-இல்தான் அந்தத் தர்மத்தை நிறுத்தினார்கள். உடப்புக்கு வெளிநாட்டுக் கடிதம் வந்தால் ஒன்றில் விசாவாக இருக்கும், இல்லாவிட்டால் கலியாணக் கார்டாக இருக்கும். ஆகவே தபால்காரர் என் உறையைக் கொண்டுவந்தபோது ஒழுங்கையில் நாலு பேர் கூடிவிட்டார்கள். என் மனைவி, அதாவது இவ, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“எவ்வளவு கட்டினீங்க?”

“ஒரு சதமும் இல்ல. இலவசம்.”

“சும்மா தாறாங்க எண்டா அதுக்குள்ள என்னவோ இருக்கு.”

பெண்களின் உள்ளுணர்வைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். இவவின் உள்ளுணர்வு அன்றைக்குத் தலைகீழாக வேலை செய்திருந்தது. அதற்குள் என்னவோ இல்லை என்பதுதான் விஷயம். இல்லாத பொருளின் பெயர் கொடெக்.

சீடியைப் போட்டதும் கொம்பியூட்டர் கம்பீரமாக எழுந்தது. கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், சீட்டு விளையாடலாம். பாட்டு மட்டும் பாடாது, படம் மட்டும் காட்டாது. காரணம் சட்டம். எம்பி3 பாட்டுக்கும் எம்பி4 படத்துக்கும் பின்னால் காப்புரிமைகள் இருந்தன. திறக்கும் கருவியை விநியோகிக்கிறவரிடம் கட்டணம் கேட்கலாம். இலவசமாகச் சீடி தருகிறவர் அந்தக் கட்டணத்தை யார் தலையில் கட்டுவார்? அதனால் கருவியைச் சீடியில் வைக்காமல், வேண்டுமானால் நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள், உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். எம்பி3-ஐ உருவாக்கிய ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனம் அதற்கு உரிமம் விற்பதை நிறுத்தியதே 2017-இல்தான். அதுவரை எங்கள் வீட்டில் சுப்ரபாதம் கேட்பதும் ஒரு சட்டப் பிரச்சினையாகவே இருந்தது.

இறக்கவேண்டிய பொதியின் பெயர் ‘உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்’. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதி எண்டரைத் தட்டினால் அது இறங்கத் தொடங்கும். பாதி வழியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரை எழும்பும். அதில் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் எழுத்துருக்களைப் பயன்படுத்துவதற்கான ஒப்பந்தம், பக்கம் பக்கமாக. எல்லாவற்றுக்கும் கீழே ‘ஓகே’ என்று ஒரு சொல். எண்டரைத் தட்டினால் அது அசையாது. மௌஸால் அமத்தினால் அசையாது. இவவைக் கூப்பிட்டு அமத்தச் சொன்னாலும் அசையாது. ‘டெப்’ விசையைத் தட்டினால்தான் அந்த ஓகே சிவந்து விழிக்கும், பிறகுதான் எண்டர். இதை எந்த மகானும் அந்தத் திரையில் எழுதிவைக்கவில்லை. எழுத்துருவுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவேண்டாம், ஒரே பொதியில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். மைக்ரோசொஃப்ட் வேண்டாம் என்று வீட்டைவிட்டுப் புறப்பட்ட கொள்கைவாதி, ஒரு பழைய படம் பார்ப்பதற்காக அதே மைக்ரோசொஃப்டின் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட காட்சியை இவ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பக்கத்து வீட்டுச் சம்மாட்டியார் கரைவலைக்காரர். வலை இழுக்காத நாட்களில் என் திண்ணைக்கு வருவார். ஒருநாள் கேட்டார்: “தம்பி, படம் எண்டா படம்தானே? ஒரே மாதிரிப் பேரோட ரெண்டு படம் வச்சிருக்கிறாய். ஒண்டு ஓடுது, மத்தது சத்தம் மட்டும் போடுது. என்ன கதை இது?”

அவருக்கு அவருடைய பாஷையிலேயே சொன்னேன். “அண்ணே, ஃபைல் பெயருக்குப் பின்னால் எம்பி4, எம்கேவி, மொவ், வெப்எம் எண்டு இருக்கிறதெல்லாம் ரெஜிபோம் பெட்டி. பெட்டியைப் பார்த்து உள்ள இருக்கிறது ஐஸ் மீனா, கருவாடா, புளி போட்ட ஜாடியா எண்டு சொல்ல ஏலாது. மீனைக் கெடாம, இடம் பிடிக்காம அடைச்ச முறைதான் கொடெக். படத்தை ஒரு முறையில அடைப்பான், சத்தத்தை வேற முறையில அடைப்பான், ரெண்டையும் ஒரே பெட்டியில வைப்பான். என்ர மெஷினுக்கு ஒண்டைத் திறக்கத் தெரியும், மத்தது தெரியாது. அதுதான் சத்தம் வருது, படம் இருட்டு.”

சம்மாட்டியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். “அப்ப எல்லாரும் ஒரே முறையில அடைச்சா முடிஞ்சுதே?”

உலகத்தின் பெரிய பெரிய கம்பனிகள் வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அடிபட்ட கேள்வியை அவர் ஒரு வாய் வெற்றிலையோடு கேட்டுவிட்டார்.

இணையத்தில் படம் வந்த புதிதில் ரியல்பிளேயர் ஒரு வகை, விண்டோஸ் மீடியா ஒரு வகை, அப்பிளின் குவிக்டைம் இன்னொரு வகை. ஒன்றைத் திறப்பது மற்றதைத் திறக்காது. 2005-இல் யூடியூப் வந்து எல்லாவற்றையும் ஃப்ளாஷில் காட்டியது. உலாவியில் ஃப்ளாஷ் செருகி ஒன்று இருந்தால் போதும். உலகம் நிம்மதியாக மூச்சு விட்டது. லினக்ஸ்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஃப்ளாஷ் 7-க்குப் பிறகு 8 லினக்ஸுக்கு வரவேயில்லை. 9 வந்தது 2007 ஜனவரியில். 64 பிட் கொம்பியூட்டருக்கான சோதனைப் பதிப்பு 2008-இல் எட்டிப்பார்த்து 2010-இல் மறைந்தது. 2012-இல் அடோபி நிறுவனம், 11.2-தான் லினக்ஸுக்குக் கடைசி, இனிமேல் கூகிளின் குரோம் உலாவிக்குள் வருவதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. 2016-இல் மனம் மாறித் திரும்பி வந்தது. 2020 டிசம்பர் 31-இல் ஃப்ளாஷையே எல்லாருக்குமாக மூடியது. இந்தப் போக்குவரத்துக்கெல்லாம் ஏற்ப நான் வீட்டில் செருகியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். இவ அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

ஃப்ளாஷ் ஓடினால் மட்டும் என்ன வாழ்ந்தது? 2012 வாக்கில், சில கிராபிக் கார்டுகள் உள்ள லினக்ஸ் கொம்பியூட்டர்களில் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிடும் ஒரு வியாதி உலகமெங்கும் பரவியிருந்தது. யாரில் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. ஃப்ளாஷ்காரரும் கார்டுக்காரரும் மற்றப் பக்கத்தைக் காட்டியதாகத்தான் ஞாபகம். அந்த வருடம் ‘கர்ணன்’ படத்தைப் புதுப்பித்துத் திரும்பத் திரையிட்டிருந்தார்கள். 1964-இல் வந்த வர்ணப் படம். சிவாஜி கர்ணன், என்.டி. ராமராவ் கிருஷ்ணர். எங்கள் ஊரின் திரௌபதை அம்மன் கோயிலில் ஆடி மாதத்துப் பதினெட்டு நாள் திருவிழாவும் பாரதக் கதையைச் சுற்றியே நடப்பது. ஆகவே வீட்டில் இருக்கும் மாமிக்கு அந்தப் படத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். படம் தொடங்கியது. கர்ணன் நீலம். துரியோதனன் நீலம். சபையில் இருந்த கிழவர், குமரர் எல்லாரும் நீலம். கடைசியில் கிருஷ்ணர் வந்தார். நீலச் சாயம் பூசி வந்த அவர் மட்டும் நம்மூர் ஆட்களின் நிறத்தில் இருந்தார்.

மாமி கைகூப்பியபடியே இருந்தா. “ஏன் தம்பி, இந்தப் படத்துல சகுனியும் சாமியா?”

“எல்லாரிலயும் கடவுள் இருக்கிறார் மாமி” என்றேன். வேறு என்ன சொல்ல? செருகியின் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்தினால் நிறம் சரியாகிவிடும் என்பதை நான் அறிந்தபோது மாமி கர்ணனை முழுதாக நீலத்தில் பார்த்து முடித்திருந்தா. இன்றைக்கும் தொலைக்காட்சியில் அந்தப் படம் போனால், நிறம் மங்கிவிட்டது என்று குறைப்படுவா.

இதற்கிடையே பெரிய இடத்தில் சண்டை வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது. செருகியே வேண்டாம், இணையப் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியிலேயே படம் காட்டும் வசதி இருக்கட்டும் என்று முடிவானது. நல்ல முடிவு. எந்தக் கொடெக்கில் காட்டுவது? அங்கேதான் வீடு இரண்டுபட்டது. முதலில் ஓக் தியோரா என்ற கட்டற்ற கொடெக்கைச் சிபாரிசு செய்து வரைவில் எழுதினார்கள். யாருக்கும் காசு கட்டவேண்டியதில்லை. அப்பிளும் நொக்கியாவும் எதிர்த்தன. 2007 டிசம்பரில் அந்த வரி வரைவிலிருந்து அகன்றது. 2009-இல், எல்லாரும் ஒத்துக்கொள்ளும் கொடெக் ஒன்றுமில்லை என்று வரைவின் பதிப்பாசிரியர் இயன் ஹிக்சன் கைவிரித்தார். அதே வருடம் ஜூனில் வந்த பயர்பொக்ஸ் 3.5 தியோராவைக் காட்டியது. அப்பிளின் சஃபாரி எச்.264-ஐக் காட்டியது. எச்.264 என்பது 2003-இல் தரமாக்கப்பட்டது. நன்றாக அடைக்கும், ஆனால் காப்புரிமைக் கட்டணம் உண்டு. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜொப்ஸ், ஐபோனில் ஃப்ளாஷ் ஏன் இல்லை என்று பகிரங்கக் கடிதமே எழுதினார். அவர் ஃப்ளாஷை விரட்டியது லினக்ஸ்காரர் மேல் வைத்த பாசத்தால் அல்ல. என்றாலும் கலியாண வீட்டில் யார் பந்தி வைத்தால் என்ன என்று நாங்களும் உட்கார்ந்துவிட்டோம்.

அடுத்த மாதம் கூகிள் களத்தில் இறங்கியது. ஏற்கெனவே வாங்கியிருந்த ஒன்2 என்ற கம்பனியின் விபி8 கொடெக்கைத் திறந்து, வெப்எம் என்ற பெட்டியில் போட்டு, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. 2011 ஜனவரியில், குரோமிலிருந்து எச்.264-ஐ அகற்றப்போகிறோம் என்றும் அறிவித்தது. நான் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னேன். என் மருத்துவ அறிக்கையைக் காரணம் காட்டி இவ வைக்கவில்லை. வைக்காததும் நல்லதாகப் போயிற்று. குரோம் எச்.264-ஐ இன்றுவரை அகற்றவில்லை. இனிமேல் சீனி இல்லாத தேத்தண்ணிதான் குடிப்பேன் என்று நான் அறிவித்ததும் அந்த வருடம்தான். இரண்டு அறிவிப்புகளும் ஒரே நிலையில் இருக்கின்றன.

கடைசிவரை வீம்பாக நின்றது பயர்பொக்ஸை எழுதும் மொசில்லாதான். கையடக்கப் போன்கள் எல்லாம் எச்.264-ஐத் திறக்கும் சில்லோடு வந்து குவிந்ததும், 2012-இல் அதுவும் இறங்கி வந்தது. 2013-இல் சிஸ்கோ ஒரு வழி காட்டியது: வீடியோ அழைப்புகளுக்கான எச்.264 கொடெக் ஒன்றை நான் எழுதித் தருகிறேன், உரிமக் கட்டணத்தையும் நானே கட்டுகிறேன், ஆனால் என் சேர்வரிலிருந்து நேரே இறக்கினால்தான் கட்டணம் கட்டியதாகும். பயர்பொக்ஸ் இன்றைக்கும் அதைச் சத்தமில்லாமல் அங்கிருந்துதான் இறக்கிக்கொள்கிறது. 2015 ஜனவரியில் யூடியூப், புதிய உலாவிகளுக்கு ஃப்ளாஷைக் கைவிட்டு எச்டிஎம்எல்5-ஐயே இயல்பாக்கியது.

அதற்கடுத்த சந்ததியில் பேராசை புத்தி புகட்டியது. எச்.264-க்கு வாரிசாக 2013-இல் எச்.265, அதாவது ஹெவிக், வந்தது. அதற்குக் கட்டணம் கேட்டு ஒன்றுக்கு மூன்று காப்புரிமைக் கூட்டுகள் கிளம்பின. யாருக்கு எவ்வளவு கட்டுவது என்று கணக்குப்பிள்ளைகளுக்கே தலைசுற்றியது. 2015-இல் கூகிள், மொசில்லா, மைக்ரோசொஃப்ட், நெட்ஃபிளிக்ஸ், அமேசன், சிஸ்கோ, இன்டெல் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். 2018-இல் ஏவி1 என்ற, கட்டணம் கேட்காத கொடெக் வெளியானது. அப்பிளும் வந்து சேர்ந்தது. ஆக, என் கட்சி வென்றுவிட்டது! இன்றைக்கு யூடியூப் அனுப்புவதில் பெரும்பகுதி விபி8-இன் வாரிசான விபி9-உம் ஏவி1-உம். ஒரு சதம் கட்டவேண்டியதில்லை. சம்மாட்டியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அப்ப இனி உன்ர மெஷின்ல படம் நல்லா ஓடும்” என்றார்.

அங்கேதான் விஷயம். ஓடவில்லை.

என் லப்டொப் சிலாபத்தில் இரண்டாம் கையாக வாங்கியது. இன்டெல்லின் இரண்டாம் தலைமுறைச் சில்லு, 2011-இன் பிறப்பு. அந்தச் சில்லில் எச்.264-ஐத் திறப்பதற்கென்றே ஒரு மூலை உண்டு. அது வேலை செய்தால் மெஷினுக்கு வியர்க்காது. விபி9-ஐ முழுதாகத் திறக்கும் மூலை 2016-இல் வந்த ஏழாம் தலைமுறையில்தான் வந்தது; ஏவி1-க்கு 2020-இன் பதினோராம் தலைமுறை வரை காத்திருக்கவேண்டும். பயர்பொக்ஸ் லினக்ஸில் அந்த மூலையின் உதவியைக் கேட்கப் பழகியதே 2020-இல். ஆகவே என் கட்சியின் வெற்றிக் கொடெக் வரும்போதெல்லாம் என் மெஷின் அதை வெறுங்கையால் திறக்கிறது. நாலு கோர்களும் நூறு வீதம். விசிறி அலறும். படம் நின்று நின்று வரும். மடியில் வைக்க முடியாது. லப்டொப்பின் பின்பக்கத்தில் நெத்தலி காயவைக்கலாம் என்பது இவவின் யோசனை.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. எச்264இஃபை என்று ஒரு குட்டிச் செருகி. அதை உலாவியில் போட்டால், யூடியூப்பிடம் அது போய், எங்களுக்கு விபி9 தெரியாது, ஏவி1 தெரியாது, எச்.264 தாருங்கள் என்று கேட்டு வாங்கும். விசிறி அடங்கும். படம் வழுவழுவென்று ஓடும். நன்றாகக் கவனியுங்கள்: கட்டற்ற கொடெக் வெல்லவேண்டும் என்று வருடக்கணக்காக வாதாடியவன், அது வென்று வீட்டு வாசலில் வந்து நிற்கிறபோது, உள்ளே விடாமல், காப்புரிமைக்காரனைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்காரவைக்கிறான். இதை நான் சமரசம் என்று சொல்லமாட்டேன். மின்சாரச் சிக்கனம் என்று சொல்வேன்.

மின்சாரம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கரையோரத்தில்தான் நுரைச்சோலை. மூன்று இயந்திரம், 900 மெகாவாட், நாட்டின் மிகப் பெரிய அனல் மின்நிலையம். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு போய் முழு நாடும் இருண்டது. குரங்கு என்று சொன்னது நான் இல்லை, அமைச்சர். அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. திரும்ப முழு மூச்சுக்கு வர நாட்கள் எடுத்தன. இடையில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. குரங்கு போன அன்றைக்கு நான் ஏவி1-இன் சிறப்பைப் பற்றி மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பழைய பற்றரி ஒரு வசனத்துக்குக்கூடத் தாங்கவில்லை. “அப்பா, குரங்குக்கு எந்தக் கொடெக் பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டு மகன் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டான். அவனுக்கு அங்கே படம் ஓடியது.

கோயில் திருவிழாவின் தீமிதிப்பு அன்று நடந்ததையும் மறைக்கத் தேவையில்லை. மாமியால் இப்போது நடக்க ஏலாது. எனக்கு முழங்கால். கோயில் கூப்பிடு தூரம்; நெரிசலில் நிற்கத்தான் பலமில்லை. கோயிலில் பொடியன் ஒருவன் போனில் நேரலை விடுவதாகச் சொன்னார்கள். லப்டொப்பைத் தொலைக்காட்சியோடு கேபிளில் இணைத்து மாமியை முன்னால் இருத்தினேன். நேரலை என்பது பெயரளவில்தான் நேரலை. கோயிலில் இருந்து சேர்வருக்குப் போய், அங்கே வெவ்வேறு அளவில் திரும்ப அடைபட்டு, துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, வீட்டுக்கு வந்து, கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் திரையில் ஏறும். அரை நிமிடம் பிந்துவது சாதாரணம். ஒலிபெருக்கிச் சத்தமோ ஜன்னல் வழியாக நேரே வந்துவிடுகிறது. வெளியே பறை உச்சத்துக்குப் போய் “கோவிந்தா, கோவிந்தா” என்று ஊரே முழங்குகிறது. திரையில் இன்னும் தணலை வாரிப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். மாமி வெளிச் சத்தத்துக்குக் கும்பிடுவதா, திரைக்குக் கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டுக்குமாகக் கும்பிட்டா. அந்தச் சமயம் பார்த்து லப்டொப் மூச்சு வாங்கி நின்றது. திரையில் ஒரு பக்தரின் கால் தணலுக்கு மேல் தூக்கியபடி உறைந்துவிட்டது.

“ஐயோ, காலை எடுக்கச் சொல்லுங்க தம்பி, சுட்டுப்போடும்!” என்றா மாமி.

இவவின் போன் அடித்தது. கனடாவில் மகள். “அம்மா, இங்க ரீவியில கிளியரா ஓடுது. வரிசையில பெரியப்பாவைக் கண்டேன். அப்பாவைக் காணல்லையே, எங்க?” அப்பா கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், உறைந்த காலுக்கு முன்னால் இருந்தார்.

மருமகன் நல்ல மனிதர். நான் படும் பாட்டைக் கேட்டு, காசு கட்டிப் படம் பார்க்கும் தன் கணக்கில் எனக்கும் ஒரு இடம் தந்தார். அங்கே இன்னொரு பூட்டு. படத்தைக் களவாடாமல் காக்கும் டீஆர்எம் பூட்டை உலாவிக்குள்ளேயே வைப்பதை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017-இல் தரமாக ஏற்றது. அதை எதிர்த்து ஈஎஃப்எஃப் என்ற உரிமை அமைப்பு கூட்டமைப்பை விட்டே விலகியது. சாதாரண லினக்ஸ் கொம்பியூட்டரில் அந்தப் பூட்டு மென்பொருள் மட்டத்தில் மட்டும் இருப்பதால், பல நிறுவனங்கள் நல்ல தெளிவான பிரதியை நம்பித் தருவதில்லை. பெயர் சொல்ல விரும்பாத அந்த நிறுவனமும் எனக்கு மங்கலான பிரதியைத்தான் தந்தது. கதாநாயகி அழுவது தெரிகிறது, கண்ணீர் தெரியவில்லை. மாமி அவ சிரிப்பதாக எடுத்துக்கொண்டு கூடச் சிரித்தா.

இவ்வளவுக்குப் பிறகும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் இவவை உட்காரவைத்து விளக்கினேன். “உங்கட போன்ல இருக்கிற அன்ட்ரொயிட்டுக்கு அடியில என்ன இருக்கு தெரியுமா? லினக்ஸ். மகன்ர போனும் லினக்ஸ். சுவரில மாட்டியிருக்கிற ரீவியும் லினக்ஸ். மூலையில மினுங்கிற றவுட்டரும் லினக்ஸ். நீங்க நக்கல் அடிக்கிற லினக்ஸ்லதான் இந்த வீடே ஓடுது!”

இவ தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு யோசித்தா. “அப்ப எல்லாத்திலயும் லினக்ஸ். எல்லாத்திலயும் படம் ஓடுது. லினக்ஸ், லினக்ஸ் எண்டு நீங்க கட்டிப்பிடிச்சிருக்கிற ஒண்டில மட்டும் ஓடல்ல. பிழை லினக்ஸ்லயா, கட்டிப்பிடிச்சவர்லயா?”

தொழில்நுட்ப ரீதியில் இதற்குப் பதில் உண்டு. போன் செய்கிற கம்பனி கொடெக் கட்டணத்தைக் கட்டி, சில்லையும் போட்டு, விலையில் சேர்த்துவிடுகிறது. இலவச லினக்ஸில் அந்தக் கணக்கைக் கட்ட ஆளில்லை. நாம்தான் தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்ளவேண்டும். இதை நான் விரிவாகச் சொன்னேன். துருவலைச் சத்தம் பெரிதாக இருந்ததால் அவவுக்குக் கேட்டிருக்காது.

புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்களுக்கு அனுபவஸ்தன் என்ற முறையில் சில வார்த்தை. நிறுவும்போது, மூன்றாம் தரப்பு மென்பொருளும் மேலதிக ஊடக வடிவங்களும் வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். கொள்கை பார்க்காமல் சரி போடுங்கள். விஎல்சி பிளேயரை உடனே இறக்குங்கள். பாரிஸில் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை அது. வீதியில் வைக்கும் செம்மஞ்சள் கூம்புதான் அடையாளம். தனக்குத் தேவையான கொடெக்குகளைத் தன்னோடு கொண்டுவரும். பழைய மெஷின் என்றால் எச்264இஃபை. கத்தரிப்பூ நிறத் திரை வந்தால் டெப், பிறகு எண்டர். தமிழில் படிக்க, 2012 முதல் வரும் ‘கணியம்’ இருக்கிறது.

கடைசியாக, கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற உடப்பு மக்களுக்கு ஒரு விண்ணப்பம். பேரப்பிள்ளை முதல் அடி வைத்த வீடியோவை மகள் ஐபோனில் பிடித்து, வட்ஸ்அப்பில் தரம் குறைந்துவிடும் என்று மூல ஃபைலையே அனுப்பினா. பெட்டி மொவ், உள்ளே இருந்தது ஹெவிக், அதுவும் 4கே. லப்டொப்பில் முதலில் சத்தம் மட்டும் வந்தது. விஎல்சியில் திறந்தால் பிள்ளை சாம்பல் நிறச் சதுரங்களாகச் சிதறி நடந்தது. முழுப் படமும் இவவின் போனில் ஓடி, ஊரெல்லாம் பார்த்து முடிந்த பிறகு, ஃபைலை இரவிரவாக எச்.264-க்கு மாற்றி விடியற்காலையில் நான் பார்த்தேன். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் இயல்பாகவே ஹெவிக்கில்தான் பிடிக்கின்றன. அதை மாற்றலாம். செட்டிங்ஸுக்குப் போங்கள், கமராவைத் தட்டுங்கள், ஃபோர்மட்ஸைத் தட்டுங்கள், ‘மோஸ்ட் கொம்பட்டிபிள்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். 4கே-யும் வேண்டாம், 1080 போதும். பிள்ளையின் பல்லு அதிலேயே தெரியும். உங்களுக்குக் கருவாட்டை நாங்கள் மணம் வெளியே வராமல் மூன்று உறை போட்டுத்தானே அனுப்புகிறோம்? வீடியோவை நீங்கள் எச்.264-இல் அனுப்புங்கள்.